பந்தியில் விழுந்த நட்சத்திரங்கள்

விளாத்திகுளம்,
6.10.2024

அன்பு வனிதாவுக்கு மதினி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. உன் தலைவலி எப்படி இருக்கிறது? கண்ணாடி மாற்றினாயா?

வாட்ஸ்அப்பில் நாலு வரிக்கு மேல் அனுப்பினால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். போனில் பேசலாம் என்றால் காது போன எனக்கு அது எதற்கு? எதிரில் நிற்பவர் வாயசைவைப் பார்த்தால் பாதிப் பேச்சாவது புரியும். அதனால்தான் மெயில். நிதானமாகப் படி.

கடை விஷயம்தான். உன் அண்ணனின் சிநேகிதர் ஆனி மாதம் இணையத்தில் போட்டுக் கொடுத்த கடை இன்னும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறது. குண்டு மிளகாய் வத்தல், சம்பா வத்தல், குதிரைவாலி, உளுந்து என்று எல்லாம் வைத்திருக்கிறேன். வந்த ஆர்டர்களில் பாதி உன்னுடையது, மீதியில் ஒன்று உன் அறைத்தோழியுடையது. நேற்று நானே கூகுளில் குண்டு வத்தல் என்று தேடினேன். பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். யார் யாரோ வந்தார்கள், நான் வரவில்லை.

கமிஷன் கடையில் போய் நான் நிற்க முடியாது. நாலு வியாபாரி ஒரே நேரத்தில் விலை சொன்னால் யார் வாயைப் பார்ப்பேன்? இந்தக் கடையில் எல்லாம் எழுத்து. வாங்குகிறவர் எழுதுகிறார், நான் எழுதுகிறேன். இங்கே நான் செவிடு இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

மாமா ஒரு கெடு வைத்திருக்கிறார். "சித்திர ஒண்ணாந் தேதி வரைக்கும் பாருத்தா. யாவாரம் நடந்தா நடத்து. இல்லன்னா கடைய ஏறக்கட்டிட்டு வத்தல கமிஷன் கடைக்கே போட்டுருவோம்" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. நீ கோயம்புத்தூரில் பார்க்கும் வேலையே ஊரார் கடைகளைத் தேடலில் மேலே கொண்டுவருவதுதானே. நம் கடையையும் ஒரு கண் பாரேன்.

வேளைக்குச் சாப்பிடு. உன் மதினி,
பிரேமலதா

*

கோயம்புத்தூர்,
9.10.2024

அன்பு மதினிக்கு வணக்கம். தலைவலி கண்ணாடியால் வருவதில்லை, மேனேஜரால் வருகிறது. அவரை மாற்ற என்னால் முடியாது. மற்றபடி நல்ல சுகம். அம்மாவை மாடிப்படி ஏற விடாதீர்கள்.

இன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நம் கடையைப் பிரித்து மேய்ந்தேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. கடையின் எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு 'முகப்பு' என்று இருக்கிறது. எது வத்தல், எது உளுந்து என்று தேடுபொறிக்கு எப்படித் தெரியும்? போட்டோ ஒவ்வொன்றும் கல்யாண ஆல்பம் கனம். அது திறப்பதற்குள் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எல்லாவற்றுக்கும் மேலே, சரக்கைப் பற்றி எழுதியிருப்பது வேறொரு பெரிய கடையிலிருந்து வரி மாறாமல் எடுத்தது. 'பனி படர்ந்த மலைச்சரிவில் விளைந்த மிளகாய்' என்று போட்டிருக்கிறது. விளாத்திகுளத்தில் பனி எப்போது படர்ந்தது மதினி? ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் தேடுபொறி ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். தள்ளப்பட்டது நாம்தான்.

அண்ணனின் சிநேகிதர் எழுதியதை அழித்துவிடுங்கள். கடைக்கு ஒருத்தர் வந்து கேட்டால் என்ன சொல்வீர்களோ அதையே எழுதுங்கள். ஆட்கள் என்ன சொல் போட்டுத் தேடுகிறார்கள் என்று நான் பார்த்து அனுப்புகிறேன். மேலே வர மூன்று நாலு மாதமாவது ஆகும், அவசரப்படாதீர்கள். அப்பாவின் கெடுவுக்குள் கொண்டுவந்துவிடலாம்.

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.
வனிதா

*

விளாத்திகுளம்,
17.11.2024

அன்பு வனிதாவுக்கு, இங்கே மழை நன்றாகப் பெய்து மிளகாய்க் காடு பச்சையாக நிற்கிறது. எல்லோரும் சுகம், சளி மட்டும் ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?

நீ சொன்னபடி ஒவ்வொன்றாக எழுதிவிட்டேன். குண்டு வத்தலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: 'எங்கள் சொந்தக் காட்டில் மழையை நம்பி விளைந்தது. சம்பாவைவிட உறைப்பு குறைவு, குழம்புக்கு மணம் கூடுதல். களத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது தூறல் விழுந்துவிட்டதால் நிறம் கொஞ்சம் மங்கல்.' உன் அண்ணன் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சரக்கு விக்குதவ கொறையையும் சேத்தா எழுதுவா?" என்றார்.

ஓசூரிலிருந்து முகம் தெரியாத ஒருவர் இரண்டு கிலோ கேட்டிருக்கிறார். நிறம் மங்கல் என்று நீங்களே சொல்லிவிட்டதால் நம்பி வாங்குகிறேன் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுச் சமையல்கட்டில் போய் நின்று அழுதேன். யாரோ ஒருவர் என்னைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். வழிகாட்டியது நீ. உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை.

மேனேஜர் எப்படி இருக்கிறார்? பதில் போடு.
பிரேமலதா

*

கோயம்புத்தூர்,
22.12.2024

அன்பு மதினிக்கு, பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். சுகமாகத்தான் இருக்கிறேன். வேறு அறைக்கு மாறிவிட்டேன். முன்னதைவிடச் சின்னது, ஆனால் ஜன்னல் உண்டு. அங்கே எல்லோருக்கும் சளி விட்டதா?

கடை வேலையில் நீங்கள் இனி போட்டோவைத் தொட வேண்டாம். அத்தனையையும் கனம் குறைத்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று பெயரும் எழுதிவிட்டேன். பக்கங்கள் இப்போது சட்டென்று திறக்கின்றன. பகலிலேயே உட்கார்ந்து முடித்தேன். வத்தலில் வண்டு விழாமல் எப்படி வைப்பது என்று நிறையப் பேர் தேடுகிறார்கள். அதற்கு ஒரு பக்கம் எழுதுங்கள். வண்டைப் பற்றி உங்களைவிட யாருக்குத் தெரியும்?

காலையில் எழுந்ததும் நம் கடை எத்தனையாவது பக்கத்தில் நிற்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். அது ஒரு படி ஏறியிருந்தால் அன்றைக்கு எனக்கும் தெம்பாக இருக்கிறது. நன்றி சொல்ல வேண்டியது நான்தான்.

பொங்கலுக்கு வர முடியாது மதினி, வேலை அதிகம். அப்பா என்னைப் பார்க்கப் புறப்பட்டால் தடுத்துவிடுங்கள். அலைய வேண்டாம்.
வனிதா

*

விளாத்திகுளம்,
21.1.2025

அன்பு வனிதாவுக்கு, நீ இல்லாத பொங்கல் பொங்கலாகவே இல்லை. அத்தை உன் பங்குக் கரும்பைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். நீ இளைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். வெளிச் சாப்பாட்டை நம்பாதே, ஒரு குக்கர் வாங்கிக்கொள்.

வண்டுப் பக்கத்தை எழுதினேன். நாலு வெயில் காய வைத்து, சூடு ஆறிய பிறகு மூட்டை கட்ட வேண்டும் என்று நமக்குத் தெரிந்ததைத்தான் எழுதினேன். அதைப் படிக்க வருகிறவர்கள் வத்தலையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கடை மூன்றாவது பக்கத்துக்கு வந்துவிட்டது.

மாமா முந்தாநாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஏதாவது எனக்குத் தெளிவாகப் புரிய வேண்டும் என்றால்தான் அப்படி உட்காருவார். "கோயிலுக்கு ஒரு டின்னு எண்ண குடுத்தவன் பேரக்கூட ஊரோட சேத்து மைக்குல வாசிக்கோம். கடைய இம்புட்டுத் தூரம் தூக்கிவிட்ட பிள்ள பேரு அங்கன எங்கன இருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே 'எங்களைப் பற்றி' பக்கத்தில் உன்னைப் பற்றி எழுதிவிட்டேன். அதில் மட்டும் நீ கை வைக்காதே.

பொங்கலுக்கு உன் ஆபீஸ் முகவரிக்கு முறுக்கும் அதிரசமும் போட்டிருந்தோம். இனிமேல் அறைக்கே அனுப்புகிறேன், முகவரி எழுது.
பிரேமலதா

*

கோயம்புத்தூர்,
12.2.2025

அன்பு மதினிக்கு, நான் இளைக்கவில்லை. குக்கர் வாங்கிவிட்டேன், அதில் பருப்பு மட்டும் இன்னும் எனக்கு வசப்படவில்லை. அம்மாவிடம் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள்.

ஆபீஸுக்கு அனுப்பிய பார்சல் கிடைத்தது. முறுக்கு அருமை. எல்லோருக்கும் கொடுத்தேன். ஆனாலும் அங்கே பார்சல் வாங்க ஆள் இல்லை, இனி அறைக்கே அனுப்புங்கள். முகவரி கீழே இருக்கிறது.

கடை இரண்டாவது பக்கத்துக்கு வந்தாயிற்று. வாங்கியவர்கள் நம் கடையைப் பற்றி நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதினால் இன்னும் நல்லது. இப்போது இருப்பது இரண்டே இரண்டுதான். பார்சலுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள், விருப்பமிருந்தால் எழுதுங்கள் என்று. கெடுவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. முதல் பக்கத்தைப் பிடித்துவிடலாம்.
வனிதா

*

விளாத்திகுளம்,
1.3.2025

அன்பு வனிதாவுக்கு, எல்லோரும் சுகம், எல்லோரும் சந்தோஷம். நீயும் கேட்டால் துள்ளிக் குதிப்பாய்.

சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலில் பங்காளிகள் அத்தனை பேரும் கூடியிருந்தோம். மறுநாள் மத்தியானம் கறிச்சாப்பாடு. நட்சத்திர விஷயத்தை மாமாவிடம் சொல்லி வைத்திருந்தேன். பந்தி நடக்கும்போது அவரே மைக்கைப் பிடித்துவிட்டார். "நம்ம மருமவ கடைக்கு ஆளுக்கு அஞ்சு நட்சத்திரம் போடுங்க. இலைய எடுக்கதுக்குள்ள போட்டுரணும்" என்று அவர் சொன்னதாக உன் அண்ணன் எனக்கு எழுதிக் காட்டினார். அவ்வளவுதான். ஒரு கையில் சோறு, மறு கையில் போன். அறுபதுக்கு மேல் விழுந்துவிட்டது.

எல்லோரும் மொய் எழுதுவதுபோல் எழுதியிருக்கிறார்கள். 'வெயிலுமுத்து, குளத்தூர். ஐந்து நட்சத்திரம். அண்ணாச்சி மருமகள் தங்கமான பிள்ளை.' 'காளிராஜ், இடைசெவல். ஐந்து. வத்தல் இன்னும் வாங்கவில்லை, வாங்குவோம்.' அழகுத்தாய்ச் சித்தி மட்டும், 'கறி நன்றாக வெந்திருந்தது' என்று எழுதியிருக்கிறாள்.

காது போனபின் இந்தக் கூட்டத்தில் நான் ஓரமாகத்தான் நிற்பேன். அன்றைக்கு ஒவ்வொருவராக வந்து போனைக் காட்டிவிட்டுப் போனார்கள். மனசு நிறைந்துபோனது. எல்லாம் உன்னால்தான்.
பிரேமலதா

*

கோயம்புத்தூர்,
4.3.2025

மதினி, சுகம் விசாரிக்கக்கூட எனக்கு நிதானம் இல்லை.

வாங்காதவர்கள் எழுதினால் அது போலி. அறுபது பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரே நேரத்தில் போட்டால் இயந்திரம் சும்மா விடுமா? பாதியை அதுவே நீக்கிவிட்டது. நம் கடைப் பெயருக்குக் கீழே இப்போது ஒரு எச்சரிக்கை நிற்கிறது, சந்தேகத்துக்குரிய மதிப்புரைகள் நீக்கப்பட்டன என்று. அதைப் பார்க்கிறவர் யார் நம்மிடம் வாங்குவார்? நிறம் மங்கல் என்று உண்மை எழுதிச் சம்பாதித்த பெயர் அது. இலை எடுப்பதற்குள் போய்விட்டது. அப்பாவுக்கு மைக்கைக் கையில் கொடுத்தது யார்?

மிச்சம் இருக்கிற ஒவ்வொன்றையும் போட்டவரே எடுக்க வேண்டும். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. அதன் பிறகு நடந்ததை மறைக்காமல் எழுதி ஒரு முறையீடு அனுப்பலாம். ஏற்பார்களா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடை போய்விட்டால், இதைச் செய்தேன் என்று காட்ட என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.
வனிதா

*

விளாத்திகுளம்,
27.3.2025

அன்பு வனிதாவுக்கு, கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீ திட்டியதில் நியாயம் இருக்கிறது. நேராகத் திட்டியிருந்தால் வாயசைவு புரியாமல் நான் தப்பித்திருப்பேன், எழுத்தில் அந்த வசதி இல்லை.

மொய் எழுதியவர் வீட்டுக்குப் போய், அதைத் திருப்பி எடுத்துக்கொள் என்று சொன்ன குடும்பம் நம் பக்கத்தில் உண்டா? உறவே முறிந்துபோகும். நான் எப்படிக் கேட்பேன் என்று தூங்காமல் கிடந்தேன். காலையில் மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு உன் அண்ணனின் வண்டியருகில் நின்றார். "மைக்குல கேட்டது நான்லா. நானே போயிக் கேக்குதேன். நீ பின்னால ஏறு" என்றார்.

குளத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் போனோம். வெயிலுமுத்துச் சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன் அண்ணாச்சி, நாங்க போட்டது ஆகாதா?" என்றார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆகாம இல்லடே. எம் பிள்ளைக கஷ்டப்பட்டு நடத்துத கடை. நாமதான் வெவரம் தெரியாமக் கெடுத்துட்டோம். எனக்காவ எடுத்துரு" என்றார். யாரிடமும் எதையும் கேட்டு நிற்காத மனுசர், ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தையைச் சொன்னார். சித்தப்பா நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, ஐந்து கிலோ வத்தலுக்குப் பணம் கொடுத்துவிட்டார். இப்போது எழுதலாமா என்று கேட்டார். கொஞ்ச நாள் போகட்டும் என்றேன்.

எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. முறையீட்டை நானே எழுதினேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு எல்லோரும் சேர்ந்து கை கொடுப்பது வழக்கம், அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தது எங்கள் தவறு என்று எழுதினேன். நீ பார்த்துவிட்டு அனுப்பு.
பிரேமலதா

*

விளாத்திகுளம்,
28.4.2025

அன்பு வனிதாவுக்கு, முறையீட்டை அனுப்பிவிட்டேன் என்று ஒற்றை வரி போட்டாய், அதன்பிறகு உன் கடிதமே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அத்தை தினமும் கேட்கிறாள். இங்கே எல்லோரும் சுகம்.

எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். அதை எடுத்த மறுவாரமே, புது வத்தல் வரும் நேரத்தில், குண்டு வத்தல் என்று தேடினால் முதல் பக்கத்தில் நம் கடை வருகிறது. ஐந்தாவதாக நிற்கிறது. திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தேன். நீ இல்லாவிட்டால் இது இல்லை. எத்தனை தரம் எழுதினாலும் எனக்குத் தீராது.

ஒன்று மட்டும் புரியவில்லை. கெடு நாளன்று இந்தச் செய்தி வந்திருக்கவில்லை. எச்சரிக்கை அப்படியே இருந்தது, பங்குனியில் வியாபாரம் படுத்துவிட்டது. சித்திரை ஒன்றாம் தேதி மாமா கூப்பிட்டபோது எல்லாம் முடிந்தது என்றுதான் போனேன். அவர் கடையை மூடச் சொல்லவில்லை. "ஆடி வரைக்கும் கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். சொன்ன சொல்லை மாற்றாத மனுசர்.

ஒரு வரியாவது எழுது.
பிரேமலதா

*

கோயம்புத்தூர்,
9.6.2025

அன்பு மதினிக்கு, முதலில் என் சுகத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்போது உண்மையாகவே நல்ல சுகம். இதற்கு முன்னால் எழுதியதெல்லாம் அவ்வளவு உண்மை இல்லை.

நவம்பர் கடைசியில் எனக்கு வேலை போய்விட்டது. ஆட்குறைப்பு என்றார்கள், எங்கள் பிரிவில் பாதிப் பேர். அப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே பஸ் ஏறி வந்து பெட்டியைக் கட்டச் சொல்வார், பிறகு என்னை அனுப்பவே மாட்டார் என்று பயந்தேன். டியூஷன் எடுத்து வாடகை கொடுத்தேன். காலையில் எழுந்து செய்ய எனக்கு ஒரு வேலை என்று இருந்தது உங்கள் கடை மட்டும்தான். அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

போன வாரம் ஒரு நேர்காணல். கல்யாணசுந்தரி என்று ஒரு அம்மா, அந்தக் கம்பெனியின் தலைவர். இத்தனை மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் பெயரைத் தட்டித் தேடினார். வனிதா மாடக்கண்ணு. முதலில் வந்தது உங்கள் பக்கம். கை வைக்காதே என்றீர்களே என்று நான் அதைத் திறந்தும் பார்த்திருக்கவில்லை. அவர் வாய்விட்டுப் படித்தார்.

'இந்தக் கடை உங்கள் கண்ணில் படுவதற்குக் காரணம் என் நாத்தனார் வனிதா மாடக்கண்ணு. எனக்குக் காது கேட்காது. நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அலுக்காமல் எழுதிப் பதில் சொல்லி, இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தாள். பொய் ஒரு வரிகூட எழுத விடவில்லை. வேலை தெரிந்த பிள்ளை. எங்கள் வத்தல் உங்களுக்குப் பிடித்தால் பாதி நன்றி அவளுக்கு.'

படித்து முடித்ததும் அந்த அம்மா நம் கடையையும் திறந்து பார்த்தார். பிறகு, எப்போது வேலைக்குச் சேர்கிறீர்கள் என்று கேட்டார். இன்று சேர்ந்துவிட்டேன். உங்களுக்கு நான் உதவுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன் மதினி.

முதல் சம்பளத்தோடு ஊருக்கு வந்து அப்பாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்கிறேன். அதுவரை அவருக்குத் தெரிய வேண்டாம்.
வனிதா

*

விளாத்திகுளம்,
12.6.2025

அன்பு வனிதாவுக்கு, உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அத்தையிடம் நீ வேலை மாறியிருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன், பாயசம் வைத்துவிட்டாள். சாமி புண்ணியத்தில் நன்றாக இரு.

மாமாவுக்குத் தெரிய வேண்டாம் என்கிறாய். அவருக்குத் தை மாதமே தெரியும். பொங்கல் பார்சல் திரும்பி வந்துவிட்டது, இந்தப் பெயரில் இப்போது இங்கே யாரும் வேலை செய்யவில்லை என்று எழுதி. கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் மாமாதான். அத்தையிடம் முகவரி தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டார். உன் அண்ணன் உடனே கோயம்புத்தூருக்குக் கிளம்பினார். மாமா விடவில்லை. "அதுவா சொல்லட்டும். அது வரைக்கும் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கக் கூடாது" என்றார். முறுக்கு அருமை என்று நீ எழுதிய அன்று, அந்த முறுக்கைத்தான் நாங்கள் தின்றுகொண்டிருந்தோம்.

இன்று அவரிடம் உனக்கு வேலை கிடைத்ததைச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சித்திரையில் ஏன் கெடுவைத் தள்ளினீர்கள் என்று அப்போது கேட்டேன். சொல்ல விருப்பமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தைத் திருப்பினால் எனக்குப் பேச்சுக் கேட்காது என்று அவருக்குத் தெரியும். நான் சுற்றி வந்து அவர் எதிரில் நின்றேன்.

"கடைய மூடிட்டா, எம் பிள்ளைக்கு இருக்க அந்த ஒரு வேலையும் போயிரும்லாத்தா" என்றார்.

உன் மதினி,
பிரேமலதா